அந்தக் கரையில் நான் தோல் சுரண்டவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாசி மாதம். லண்டனில் மழையும் பெய்யாமல் பனியும் கொட்டாமல் எலும்புக்குள் போய் இருந்துகொள்கிற ஒரு குளிர் வருமே, அந்த நாட்கள். நான் தோர்ண்டன் ஹீத்தில் மகள் வீட்டில் இருந்தேன். விடியற்காலையில் ரயில் பிடித்து விக்டோரியாவுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி, ஒரு பல்கலைக்கழகத்தின் விருந்தினர் விடுதிக்கு வேலைக்குப் போவேன். குசினியில் கழுவுவது, சாப்பாட்டு மேசைகளைத் துடைப்பது, கூட்டம் ஏதும் நடந்தால் தேத்தண்ணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய் வைப்பது, இவைதான் என் வேலை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். யார் எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். தெரிந்ததைக் கேட்டாலும் அதேதான் பதில். "மாமியிட்ட அவவின்ர பேரைக் கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுவா" என்று மருமகன் பகிடி பண்ணுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த மாசியில் எனக்குப் பெரிய கரைச்சல் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரில் எங்களுக்கு அடுத்த வளவுக்காரி. ஒருநாள் காலையில் ட்ரக்கில் வந்தவர்கள் அவளுடைய புருஷனைக் கொண்டுபோனார்கள். ஆள் திரும்பி வரவேயில்லை. அவள் எப்படியோ பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்து அகதியாகப் பதிந்தாள். அது மறுக்கப்பட்டு, அப்பீல் போட்டிருந்தாள். அப்பீலும் தோற்றால் பிள்ளைகளோடு திருப்பி அனுப்பப்படலாம். ஊரில் அந்தக் காலை நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களில், லண்டனில் இருக்கிற ஒரே ஆள் நான். ஆகவே நான்தான் சாட்சி.

அவளுடைய தமையன் வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து, என் கட்டில் விளிம்பிலே இருந்து, மிகவும் தணிவாகத்தான் பேசினார்.

"மாமி, அவரை ட்ரக்கில ஏத்தினதைக் கண்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"தம்பி, நான் அதைக் காணேல்லை."

"ஏத்தினது நடந்ததோ இல்லையோ?"

"நடந்ததுதான்."

"பிறகென்ன? நடக்காததைச் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லையே. நடந்தது நடந்ததுதான். நீங்கள் கண்டா என்ன, காணாட்டி என்ன?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுபோலத்தான் பட்டது. அவளுடைய சின்னவன் அப்போது என் மடியில் இருந்து, என் வளையலைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். இந்தப் பிள்ளைக்காக ஒரு சொல்லுத்தானே என்று மனம் சொன்னது. ஆனால் கோட்டில் நீதிபதிக்கு முன்னால் ஏறி நின்று, காணாததைக் கண்டேன் என்று சொல்கிறபோது என் முகம் என்ன பாடுபடும் என்று நினைத்ததும் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். எனக்கு ஒன்றுமே தெரியாது, என்னை விட்டுவிடுங்கோ என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தக் கிழமைதான் விடுதிக்கு ஒரு அம்மா வந்தார்.

கனடாவின் வடக்கு முனையில், கடலே உறைந்து கிடக்கிற ஊரிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். குள்ளமான உருவம், அகலமான முகம், வெயிலிலும் பனியிலும் கறுத்த கன்னங்கள். கூட அவருடைய பெறாமகள், தமக்கையின் மகள், வந்திருந்தாள். அந்த அம்மாவுக்குத் தங்கள் பாஷை மட்டும்தான். பெறாமகள் அதை இங்கிலீசில் சொல்லுவாள். நாங்கள் குசினியில் அவர்களை எஸ்கிமோ என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, அவள் சிரித்த முகத்தோடு, "எங்களை அப்படிச் சொல்வதில்லை, நாங்கள் இனுவிட்" என்று திருத்தினாள்.

விடுதிச் சாப்பாடு அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் பெறாமகளோடு சந்தைக்குப் போய் ஒரு பெரிய மீனை வாங்கிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்துவிட்டார். மேசையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மீனோடு தரையில் இருந்தார். பைக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்தார். பிறை போல வளைந்த தகடு, நடுவில் கைப்பிடி. அதை ஒருமுறை இழுத்தார், மீன் இரண்டாகத் திறந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நானும் சீலையை ஒதுக்கிக்கொண்டு எதிரே தரையில் இருந்து, அவர் வெட்டித் தரத் தரக் கழுவினேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் அயர்லாந்துக்காரர். அவர் கதவில் நின்று எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு பழைய பேப்பர்களைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கீழே விரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த அம்மா கலந்துகொள்ள வந்த கூட்டம் ஆரம்பித்தது. நான் தேத்தண்ணி வண்டிலை வைத்துவிட்டு வெளியே வரத் திரும்பினேன். அந்த அம்மா என்னைக் கண்டுவிட்டார். கையைக் காட்டி, தனக்குப் பின்னால் சுவரோரம் இருந்த கதிரையைத் தட்டினார். நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். கூட்டத்தை நடத்திய ஆராய்ச்சிக் குழுவில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். அவள் என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள்.

"உட்காருங்கம்மா. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா அவங்களுக்குப் பேச வரும்னு சொல்றாங்க. யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கு விளங்காது பிள்ளை."

"நான் சொல்றேன். நீங்க வழக்கம்போல ஓம் ஓம்னு மட்டும் சொல்லிட்டு இருங்க, போதும்."

அவள்தான் என் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னாள். விஷயம் இதுதான். அவர்களுடைய கடலில் கடுங்குளிரான மாரி காலத்தில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு பெரிய கப்பல்கள் ஓடுவதற்கு ஒரு கம்பனி அனுமதி கேட்டிருந்தது. அந்தப் பனிக்கட்டியில்தான் கடல்நாய்கள் குட்டி போடும். அந்தச் சனம் சாப்பிடுவதும் உடுப்பதும் கடல்நாயைக் கொண்டுதான். இந்த ஆராய்ச்சிக்காரர் அந்த ஊருக்குப் போய்த் தங்கி வந்தவர்கள். கடலைப் பற்றி அங்குள்ள சனத்துக்குத் தெரிந்ததையும் தங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றுதான் அந்த அம்மாவை அழைத்திருந்தார்கள். கப்பலுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் அந்த அறிக்கையைப் பார்ப்பார்களாம். ஊர்ச்சனம் இவரை நம்பித்தான் அனுப்பியிருந்தது.

மேசையில் பெரிய வரைபடம் ஒன்று விரித்துக் கிடந்தது. கேள்வி கேட்டால் அந்த அம்மா உடனே வாய் திறக்க மாட்டார். எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு மெல்லப் பேசுவார். பனிக்கட்டி மெலிதாக இருக்கும்போதே கடல்நாய் அதில் மூச்சுவிட ஒரு துளை போட்டு, மாரி முழுவதும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை மூடவிடாமல் வைத்திருக்கும் என்றார். துளைக்கு மேலே காற்று கொண்டுவந்து சேர்க்கிற பனிக்குள் தாய் ஓர் அறை குடையும், குட்டி அதற்குள்தான் பிறக்கும் என்றார். குட்டியின் வெள்ளை மயிர் உதிருமுன் அது தண்ணீரில் கிடந்தால் தாங்காதாம்.

ஒரு மாரியில் அவர்களுடைய குடாவுக்குள் கப்பல் ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வந்துபோனதாம். அந்த வசந்தத்தில் ஆண்கள் கொண்டுவந்த இளம் கடல்நாய்களை இவர்தான் தோல் உரித்தார். அவர்கள் வழக்கத்தில் வேட்டை ஆண்களுடையது, தோல் பெண்களுடையது. தோலின் உள்பக்கத்தில் கொழுப்பைச் சுரண்டி எடுத்துத்தான் காயவைப்பார்கள். வழக்கமாக இவ்வளவு இருக்கும் என்று விரல்களை அகட்டிக் காட்டினார். அந்த வசந்தத்தில் இவ்வளவுதான் என்று விரல்களை ஒடுக்கினார். "கத்தி வைத்த உடனேயே தோல் தட்டுப்பட்டது" என்றார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒருவர் வரைபடத்தில் விரலை நகர்த்தி, கப்பல் பாதையில் தூரத்தே இருந்த இன்னொரு கரையைக் காட்டிக் கேட்டார். அங்கேயும் கப்பல் போனதுதானே, அங்கேயும் இப்படித்தானா?

"எனக்குத் தெரியாது."

"அங்கே உங்கள் சொந்தக்காரர் இருக்கிறார்களே, ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னார்கள். அது அவர்கள் கண்டது. அந்தக் கரையில் நான் தோல் சுரண்டவில்லை."

பெறாமகளின் முகம் மாறிவிட்டது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் பாஷையில் கடகடவென்று ஏதோ சொன்னாள். அவள் சொன்னது என்ன என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓம் என்று சொல்லுங்கள் சின்னம்மா, எங்கள் குடாவில் மட்டும்தான் பாதிப்பு என்று எழுதினால் கப்பலைக் கொஞ்சம் தள்ளி ஓட்டுவார்கள், அவ்வளவுதான், கப்பல் நிற்காது என்றாளாம். அந்த அம்மா கோபிக்கவில்லை. தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு தடவை அதே பதிலைச் சொன்னார்.

"இனி வருகிற வருடங்களில் கடல்நாய் குறையுமா?" என்று இன்னொருவர் கேட்டார்.

அந்த அம்மா சிரித்தார். "கடல்நாய் என்னிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை." மிருகங்களைக் கைக்குள் வைத்திருப்பது போலப் பேசுவது தங்களில் வழக்கம் இல்லை, அவற்றுக்கும் காது கேட்கும் என்பார்கள் என்று பெறாமகள் விளங்கப்படுத்தினாள்.

கூட்டத்தை நடத்திய வெள்ளைத் தலைமயிர்க்காரர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் அந்தக் கரைக்குப் போய் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் அறிக்கையை முடிக்க ஏலாது" என்றார்.

அன்று பின்னேரம் குசினியில் நான் பாத்திரம் கழுவும்போது அந்த அம்மா, பெறாமகள், படிக்கிற பிள்ளை மூன்று பேரும் மீன் சூப்புக் குடிக்க வந்தார்கள். நான் என்ன துணிவில் கேட்டேனோ தெரியாது, அந்தப் பிள்ளையிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். உங்கள் சனத்துக்கு நன்மைதானே, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன?

என் கேள்வி தமிழிலிருந்து இங்கிலீசுக்குப் போய், இங்கிலீசிலிருந்து அவர்கள் பாஷைக்குப் போனது. பதிலும் அதே வழியால் திரும்பி வந்தது.

"அந்தக் கரைக்காரருக்கும் வாய் இருக்குங்கிறாங்கம்மா. அவங்க வாயை நான் எதுக்கு எடுத்துக்கணும்ங்கிறாங்க."

அந்த அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விரல்களை அகட்டி, ஒடுக்கிக் காட்டினார்.

"இது என் கையால தொட்டது. இதை ஒரு துளி குறைக்காம சொல்லணும். நான் சொல்லலேன்னா வேற யாரும் சொல்ல மாட்டாங்கங்கிறாங்க. என்னம்மா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன்.

ரயிலில் ஜன்னலோரம் இருந்து வரும்போது எனக்கு அதே யோசனைதான். அந்த அம்மாவும் "தெரியாது" என்றார், நானும் காலம் முழுக்க "தெரியாது" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அவர் சொன்னபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் தெரிந்ததை எல்லாம் அள்ளி வைத்திருந்தார். நான் எதையாவது அப்படி வைத்தேனா? ஊரில் அவளுடைய புருஷனைக் கொண்டுபோன காலையில் நான் என்னத்தைத்தான் கண்டேன் என்று முதல் தடவையாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். என்னிடம் எல்லோரும் ட்ரக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு தமையன் வந்தபோது, ஏற்றினதைக் கண்டனான் என்று சொல்லமாட்டேன், கண்டதைச் சொல்லுவேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் வாய் இல்லாமல் இருந்தனீங்கள். இப்ப என்ர தங்கச்சியின்ர கேசிலதான் உங்களுக்கு வாய் முளைக்குதோ?"

அவருடைய தங்கச்சி அவரைப் போல் சத்தம் போடவில்லை. கதவில் நின்று, "மாமி, உங்களுக்கு என்ர பிள்ளையளைத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்னறைக்குள் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஒரே வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். பின்னேரத் தேத்தண்ணியை என் அறைக்குக் கொண்டுவருகிறவள், அதை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போவாள். பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல வந்து என் கட்டிலில் குதிப்பார்கள். மகளும் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். எத்தனையோ தரம், சரி சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விசாரணைக்கு முதல்நாள் நான் வேலையால் வந்து பார்த்தால், என் சீலை இஸ்திரி போட்டு மடித்துக் கட்டிலில் இருந்தது. அவள்தான்.

விசாரணை அறை நான் பயந்த மாதிரிப் பெரிய நீதிமன்றம் இல்லை. பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒரு அறை. தமிழில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். எதிர்த்தரப்பில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அவரை ட்ரக்கில் ஏற்றியதை நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை. காணவில்லை."

பின்னால் இருந்த தமையன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவள் குனிந்துவிட்டாள். அப்போது எங்கள் வழக்கறிஞர் எழும்பி, "அப்படியென்றால் அன்று என்னதான் கண்டீர்கள்? உங்கள் போக்கில் சொல்லுங்கள்" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிறது போல இருந்தது. இவளுடைய புருஷன் விடியவே இறைப்பு மெசினைப் போட்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். வேலியால் என்னைக் கண்டு, மண்வெட்டிப் பிடி ஆடுது, ஆப்பு ஒன்று இருந்தால் தாங்கோ மாமி என்று கேட்டார். நான் எடுக்க உள்ளே போனேன். ட்ரக் சத்தம் கேட்டது. பயத்தில் உள்ளேயே குந்திவிட்டேன். சத்தம் போன பிறகு வெளியே வந்தேன். தெருவில் புழுதி. இவள் பிட்டுக்கு மா குழைத்த கையோடு புழுதிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் பாத்தியில் இல்லை. வாய்க்கால் திருப்ப ஆளில்லாமல் பாத்தி நிரம்பி, வேலிக்குக் கீழால் தண்ணீர் என் வளவுக்குள் வந்தது. நான்தான் போய் மெசினை நிற்பாட்டினேன். மண்வெட்டி தண்ணீருக்குள் கிடந்தது. தோட்டம் செய்கிறவன் மெசினை ஓடவிட்டுவிட்டு ஓரிடமும் போகமாட்டான். யார் கொண்டுபோனது என்று நான் காணவில்லை. ஆனால் அவர் தன் விருப்பத்தில் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பவர் முடித்ததும், விசாரிக்கிற அதிகாரி எழுதுவதை நிற்பாட்டி என்னைப் பார்த்தார்.

"மெசினை நிற்பாட்டியது யார் என்றீர்கள்?"

"நான்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெசினை யார் நிற்பாட்டியது என்று அவளுக்கே தெரியாது. அன்று அவள் புழுதிக்குப் பின்னால் ஓடினவள், பிறகு வளவுப் பக்கம் பார்க்கவே இல்லை. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெங்காயம் எல்லாம் அழுகிப் போச்சுதோ மாமி?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, அண்டைக்கே தண்ணியை வெட்டி விட்டிட்டன்" என்றேன். அந்த வீதியில் நின்றுதான் இருவரும் அழுதோம்.

சில கிழமைகள் கழித்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க அனுமதி கிடைத்தது. தமையன் லட்டுப் பெட்டியோடு வந்து, என் முன்னால் அதைத் திறந்தார். "மாமி, உங்கட மெசின் கதைதான் கேசை வெண்டது" என்றார்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. மெசினை நிப்பாட்டினது நான், அதுமட்டும் தெரியும்."

"இந்த மாமியோட கதைச்சு வெல்ல ஏலாது" என்று சொல்லி, என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

அந்த அம்மாவைப் பிறகு நான் காணவில்லை. ஆராய்ச்சிக்காரர் அந்த வசந்தத்தில் மற்றக் கரைக்கும் போய் அங்குள்ள பெண்களோடு பேசிவிட்டு வந்தார்கள் என்று படிக்கிற பிள்ளை சொன்னாள். கப்பல் கடைசியில் ஓடியதா இல்லையா என்று நான் கேள்விப்படவில்லை. அவளும் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போதும் யாராவது ஏதும் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. ஆனால் சொல்லுமுன், எனக்கு உண்மையாகவே தெரியாதா, இல்லை, பேசப் பயந்து சொல்கிறேனா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன். பயம்தான் என்றால், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுகிறேன்.